ஐந்து நிமிடத்தில் ஒளிரும் கரி

சிட்ரிக் அமிலமும் யூரியாவும் கரைத்த தண்ணீரில் பார்க்க ஒன்றுமில்லை. அதை 750 வாட் மைக்ரோவேவில் நான்கைந்து நிமிடம் வைத்தால், நீர் வற்றி, நுரைத்துப் பொங்கி, அடியில் கரும்பழுப்பாக ஒரு கட்டி மிஞ்சும், தீய்ந்துபோன பாகைப் போல. அந்தக் கட்டியை நீரில் கரைத்து, பெரிய துகள்களை மையவிலக்கில் பிரித்துவிட்டு, புற ஊதா விளக்கின் கீழ் பிடியுங்கள். நீலமோ பச்சையோ, தெளிவாக ஒளிர்கிறது! ஒளிர்பவை கார்பன் புள்ளிகள் எனும் நுண்துகள்கள், பெரும்பாலும் 10 நானோமீட்டருக்கும் சிறியவை.

2004இல் அமெரிக்காவின் தெற்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் கார்பன் நானோகுழாய்களைச் சுத்தம் செய்தபோது எதிர்பாராமல் கிடைத்தவை இவை.

என்னை ஈர்ப்பது மைக்ரோவேவில் இவை உருவாகும் வேகத்தின் காரணம். சாதாரண அடுப்பில் பாத்திரம் காய்ந்து, பிறகுதான் உள்ளே சூடு நகரும். மைக்ரோவேவின் மின்புலமோ நொடிக்கு சுமார் 245 கோடி முறை ஊசலாடுகிறது; நீர் மூலக்கூறுகள் அதனோடு திரும்ப முயன்று தடுமாற, திரவத்துக்குள்ளேயே வெப்பம் பிறக்கிறது. மூடிய கலனில் மணிக்கணக்கில் வேகவைக்கும் வேலை நிமிடங்களில் முடிகிறது. யூரியாவின் நைட்ரஜனும் கார்பனோடு பிணைந்துகொள்கிறது. (அம்மோனியா ஆவி கிளம்பும், சமையலறையில் செய்யவே கூடாது.)

ஆனால் அவசரம் கசடையும் தருகிறது. ஒளிரும் சிறு மூலக்கூறுகள் புள்ளிகளோடு கலந்தே பிறக்கின்றன. அவற்றை சவ்வு வழியே வடித்து நீக்க நாள்கணக்கில் ஆகலாம். பொறுமையான அந்த வடிப்புக்குப் பிறகும் மிஞ்சும் ஒளியைத்தான் நான் நம்புவேன்.