கட்டளை வாக்கியம் என்றால் கட்டளை மட்டும்தானா?



ஆரம்பப்பள்ளி ஆங்கிலப் பயிற்றிகள் பலவற்றில் இம்பெரட்டிவ் வாக்கியத்துக்கு ஒரே விளக்கம்தான்: 'கட்டளையிடும் வாக்கியம்'. கீழே 'ஸ்டேண்ட் அப்!', 'சிட் டவுன்!' என்று வரிசையாக எடுத்துக்காட்டுகள், எல்லாவற்றுக்கும் உணர்ச்சிக்குறி. இது பிழை இல்லை. ஆனால், பாதி விளக்கம்தான்.

இதை மட்டும் படித்த பிள்ளையிடம் 'கெட் வெல் சூன்', 'ஆட் டூ எக்ஸ்', 'டர்ன் லெஃப்ட்' மூன்றையும் காட்டிப் பாருங்க. "இது கட்டளை இல்லையே டீச்சர்" என்று சொல்லும். பொருளை வைத்துப் பார்த்தால் பிள்ளை சொல்வது சரி. முதலாவது வாழ்த்து, அடுத்தது சமையல் குறிப்பு, மூன்றாவது வழி சொல்வது. ஆனாலும் மூன்றும் இம்பெரட்டிவ்தான். வினைச்சொல் எந்த மாற்றமும் இல்லாமல் முன்னே நிற்கிறது. 'யூ' என்ற எழுவாய் மறைந்திருக்கிறது. இந்த அமைப்பைத்தான் முதலில் காட்ட வேண்டும். மாறாக, 'குட் யூ ஓப்பன் த டோர்?' என்பது வேண்டுகோள். ஆனால் அமைப்பில் வினா வாக்கியம். தேர்வு எழுதும் மாணவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

மலாய்ப் பாடத்தில் இதே பிள்ளைங்க 'ஆயாட் பெரிந்தா' என்ற ஒரே தலைப்பின்கீழ் ஏவல், தடை, அழைப்பு, வேண்டுகோள் என நான்கையும் படிக்கிறார்கள். தமிழில் விழைவு வாக்கியம் கட்டளையோடு வேண்டுகோளையும் வாழ்த்தையும் சேர்த்துக்கொள்கிறது. தெரிந்ததை வைத்தே தெரியாததைச் சொல்லிக் கொடுக்கலாமே!

இன்னும் இரண்டு இடங்களைப் பயிற்றிகள் தொடுவதே இல்லை. ஒன்று, 'டோன்ட் லேட்' என்ற பிழை. தமிழில் 'தாமதிக்காதே' ஒரே சொல். அதனால் பிள்ளை 'பி'யை விட்டுவிடுகிறது. 'லேட்' இங்கே வினைச்சொல் அல்ல. 'டோன்ட் பி லேட்' என்பதே சரி.

மற்றொன்று மரியாதை. 'குடுங்க' என்ற சொல்லுக்குள்ளேயே மரியாதை இருக்கிறது. ஆங்கில வினைச்சொல்லில் அது இல்லை. 'ப்ளீஸ்' சேர்க்கணும், இல்லையென்றால் வினாவாகக் கேட்கணும். இது தெரியாமல் 'கிவ் மீ த புக்' என்று ஆசிரியரிடம் கேட்கும் பிள்ளையைத் திமிர் பிடித்தது என்று நினைத்துவிடாதீங்க. அது நாம் சொல்லித்தராத இலக்கணம்.

அடுத்த பயிற்றியைத் தயாரிக்கும்போது கட்டளை, தடை, வேண்டுகோள், வழிகாட்டல், வாழ்த்து ஐந்துக்கும் இடம் கொடுங்க. உணர்ச்சிக்குறியை அழுத்தமான கட்டளைக்கு மட்டும் வையுங்க. மற்றவற்றுக்கு முற்றுப்புள்ளியே போதும்.