உப்புத் தொட்டியும் கணினி காட்டும் விரிசலும்

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அது துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறும். நொய்யல் ஆறு சீர்கெட்டதற்கு இந்த உப்பும் ஒரு முக்கியக் காரணம். சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்டும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆற்றுக்குப் போன உப்பை இன்று சுத்திகரிப்பு நிலையத் தொட்டிகள் தேக்கிவைக்கின்றன. அந்தக் கான்கிரீட்டில் எங்கே விரிசல் விழும் என்று கட்டுவதற்கு முன்பே கணினி சொல்லிவிடுமா?

ஓரளவுக்குச் சொல்லும். தொட்டியைச் சிறு கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூற்றில் இழுவிசை கான்கிரீட்டின் வலிமையை மீறுகிறது என்று அது கணக்கிடுகிறது. சுவரும் தரையும் சேரும் மூலை, குழாய் நுழையும் துளை போன்ற, எளிய சூத்திரத்துக்குப் பிடிபடாத இடங்கள் இதில் தெளிவாகின்றன. கடுமையான சூழலில் விரிசல் 0.1 மி.மீ.க்கு மேல் அகலக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறி ஐஎஸ் 456. அதற்குத் தடித்த கம்பியைத் தள்ளித் தள்ளிக் கட்டுவதா, மெல்லிய கம்பியை நெருக்கிக் கட்டுவதா என்று ஒப்பிட்டு முடிவெடுக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

ஆனால் கூறுகளின் அளவை மாற்றினால் விடையும் மாறலாம். 1983இல் ஆய்வாளர்கள் பசாந்தும் ஓவும் வகுத்த விரிசல் பட்டை முறை இந்தக் குறையைப் பெரிதும் குறைத்தது. எனினும் கான்கிரீட் பிளக்கத் தேவையான ஆற்றலின் அளவை நாம்தான் தர வேண்டும்; ஊகித்துக் கொடுத்தால் விடையும் ஊகமே. கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: நார்வேயின் ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் 1991இல் மூழ்கியது. கணினிக் கணக்கு அதன் சுவரின் வெட்டுவிசையை 47 விழுக்காடு குறைத்துக் காட்டியிருந்தது.

திருப்பூருக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வழக்கமான மாதிரி நீரின் அழுத்தம் போன்ற சுமைகளைக் கணக்கில் கொள்கிறது; உப்பின் தாக்குதலை அல்ல. உப்பிலுள்ள குளோரைடு கம்பியை எட்டினால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்டு, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். இதைக் கணிக்கும் மாதிரிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியவை கம்பிக்கு மேல் உண்மையில் உள்ள கான்கிரீட் உறையின் தடிமன் (கவர்), கான்கிரீட்டை ஈரமாக வைத்து இறுகவிடும் க்யூரிங்கின் தரம், உப்பு ஊடுருவும் வேகம். வரைபடத்தில் எழுதிய கவரை வைத்துக் கணக்கிட்டால், கட்டப்படாத ஒரு தொட்டியைத்தான் ஆராய்ந்தவர்களாவோம்.

ஆகவே கணினிக் கணிப்பு தேவை. அதை மட்டும் நம்பக் கூடாது. கூறுகளின் அளவை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டிகளில் கான்கிரீட் மாதிரி எடுத்துக் குளோரைடை அளந்து கணிப்பைத் திருத்த வேண்டும். இந்தச் செலவைச் சுமை என்று தள்ளுவது தவறு. தொட்டி கசிந்தால் நிலத்தடி நீர் உப்பாகும். நொய்யல் கரை விவசாயி அந்த இழப்பை ஏற்கெனவே ஒருமுறை சுமந்துவிட்டார்.