எழும்பும்போதே பெயர் சொல்வது

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வரும் ஓர் இளைஞர், வாத்து வேட்டைக்குச் சங்கம் ஏதாவது உண்டா, புதிதாக வருபவனைச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டால் பதில் சட்டென்று முடிந்துவிடும்: இல்லை, கூடாது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சிறு வேட்டைக்கு உரிமம் வாங்கும் வழியை விட்டுவைத்திருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அதையும் அடைத்தது. இன்று காட்டு வாத்தைச் சுட்டாலும் கண்ணி வைத்துப் பிடித்தாலும் குற்றம்தான். ஆனால் இருட்டோடு எழுந்து, ஏரிக்கரையில் மூச்சடக்கி உட்கார்ந்து, வானத்தில் வரும் கூட்டத்தைத் தூரத்திலேயே கண்டுகொள்கிற சுகம் வேண்டும் என்றால் அதற்கு இடம் இருக்கிறது. அதற்குச் சங்கமும் இருக்கிறது.

பழைய வேட்டைக்காரர்களின் கண்ணைப் பலர் வியந்து பேசுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு மயக்கமில்லை. பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் விருந்தினர் கூட்டம் ஒரே நாளில் சுட்டுத் தள்ளியவை 4,273 பறவைகள். அத்தனையில் எதை யார் நின்று பார்த்திருப்பார்கள்? துப்பாக்கிக்காரருக்கு ஒரு வசதி உண்டு. விழுந்த பிறகு கையில் எடுத்து, இறக்கையை விரித்து, நிதானமாகப் பெயர் சொல்லலாம். ஹ்யூமும் மார்ஷலும் 1879 முதல் 1881 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட வேட்டைப் பறவைகள் நூல் போன்றவை பெரும்பாலும் செத்த உடல்களை வைத்துக் கற்ற பாடம். பைனாகுலர்க்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. பறவை உயிரோடு விலகிப் போய்க்கொண்டிருக்கும்போதே பெயர் சொல்லியாக வேண்டும். இரண்டில் இதுதான் கடினமான கலை என்பது என் கட்சி.

சிப்காட் வட்டாரத்துக்கு இந்த மாதிரி வித்தை புதிதல்ல. குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து ஊர்க்காரர்கள் ஆலைகளிலிருந்து எந்த நேரத்தில் என்ன நாற்றம் வந்தது என்று நோட்டில் குறித்துவைத்தவர்கள். 2004 வாக்கில் பக்கெட்டில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பியவர்கள். அவர்கள் மூக்கைப் பழக்கினார்கள். இங்கே பழக்க வேண்டியது கண்ணை.

தொழிற்பேட்டைக்கு ஒரு பக்கம் உப்பனாறு. சிதம்பரம் சாலையில் தெற்கே போய் மேற்கே திரும்பினால் பெருமாள் ஏரி. அதையும் தாண்டினால் நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கிற தண்ணீர் வந்து சேரும் வாலாஜா ஏரி. இன்னும் போனால் வீராணம். சோழர் காலத்து வீராணத்துக்குக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிடத் தண்ணீர் வருகிறது. அதன் பெரிய கரை கிழக்குப் பக்கம். காலையில் அந்தக் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். தண்ணீரில் மிதப்பவை எல்லாம் நிறத்தோடு தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான். புதியவர்கள் காலையில் போவது நல்லது. தேர்ந்தவர்கள் வேண்டுமென்றே மாலையிலும் போவார்கள். நிறம் போன பிறகுதான் உருவம் பேச ஆரம்பிக்கும்.

அந்த உருவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊசிவால் வாத்து பறக்கும்போது முன்னால் நீண்ட கழுத்து, பின்னால் கூர்வால்; இரண்டு பக்கமும் இழுத்துவிட்டதுபோல ஒரு மெலிவு. தட்டைவாயனுக்கு அலகே பாரம். அதனால் இறக்கை உடம்பில் சற்றுப் பின்னால் தள்ளி முளைத்ததுபோலத் தோன்றும். தண்ணீரில் இருக்கும்போது அவை கூட்டமாக வட்டமடித்து, கலக்கிய நீரை அலகின் ஓரத்துச் சல்லடையில் வடிகட்டித் தின்னும். நீலச்சிறகிக் கூட்டம் இறுக்கமாகப் பறந்து ஒரே நேரத்தில் திரும்பும். திரும்புகிற நொடியில் ஆண்களின் முன்னிறக்கையில் சாம்பல் நீலம் பளிச்சிட்டு மறையும். சைபீரியா, மத்திய ஆசியப் பக்கமிருந்து வரும் இவற்றின் ஆண்கள் வந்த புதிதில் பெண்களைப் போலவே பழுப்பாக இருக்கும். தை, மாசி வந்தால்தான் கண்ணுக்கு மேல் அந்த வெள்ளைப் பிறை துலங்கும். ஐப்பசியில் போய்விட்டு, அழகான ஆண் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. அழகெல்லாம் அங்கேயேதான் இருக்கிறது, இன்னும் உடுத்தவில்லை.

நம் ஊரிலேயே குடியிருப்பவை வேறு ரகம். சீழ்க்கைச் சிறகிக்கு அகலமான வட்ட இறக்கை, நிதானமான அடிப்பு, தாழ்த்திய தலை, பறந்துகொண்டே சீட்டியடிக்கும். அதை அடையாளம் காணக் கண்ணே வேண்டாம். வேட்டையைத் தொழிலாகக் கொண்டிருந்த நரிக்குறவர்கள் பலர் பறவையின் குரலை அதனிடமே திருப்பிச் சொல்லக்கூடியவர்கள். வேட்டை போனதோடு அந்தக் காதும் போய்விடக் கூடாது என்று எனக்கு ஆதங்கம் உண்டு. புள்ளிமூக்கு வாத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அலகு நுனியில் மஞ்சள், அடியில் சிவப்புப் புள்ளி. குள்ளத்தாரா மரப்பொந்தில் முட்டையிடும். நாமக்கோழி வாத்தே அல்ல, ஆனால் முதல் வாரம் எல்லோரும் அதைத்தான் வாத்து என்று எழுதுவார்கள். அது தலையை வெட்டி வெட்டி நீந்தும். பறக்க வேண்டுமானால் தண்ணீர்மேல் ஓடித்தான் எழும்பும். ஊசிவாலும் நீலச்சிறகியும் இருந்த இடத்திலிருந்தே விருட்டென்று செங்குத்தாக எழும்.

சேருவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978 முதல் இயங்குகிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை எண்ணும் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. எங்கேயாவது கால் மணி நேரம் நின்று பார்த்ததை ஈ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும், நுழைவுக் கட்டணம் கிடையாது. வனத்துறை நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எட்டு மடங்கு பெருக்கும் சாதாரண பைனாகுலர் போதும். பன்னிரண்டு மடங்கு வாங்கினால் பெருமை கூடும், கை நடுக்கமும் கூடும். அதைவிட முக்கியம், முக்காலியில் ஸ்கோப் வைத்திருக்கும் மூத்தவர் பக்கத்தில் நிற்க இடம் பிடிப்பது. அவர் பார்த்துவிட்டு விலகி நிற்பார். நீங்கள் குனிந்து பார்க்க வேண்டும், முக்காலியைத் தொடக் கூடாது. பளிச்சென்ற சட்டையோடு வந்தால் யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் பக்கத்திலும் நிற்கமாட்டார்கள்.

எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதையே அளவுகோலாக வைத்து மிச்சக் கூட்டத்தின்மேல் நகர்த்திக்கொண்டே போவார்கள். கூட்டம் எழும்பிவிட்டால் அதற்கும் நேரம் கிடைக்காது. தூரத்தில் நிற்கும் பெண் நீலச்சிறகியையும் கிளுவை என்ற சிறு வாத்தின் பெண்ணையும் முகத்துக் கோடுகளை வைத்துப் பிரித்துவிடலாம். கானல் ஆடும் பத்து மணிக்கு அந்தக் கோடுகளும் தெரியாது. அப்போது பட்டியலில் ‘இனம் தெரியாத வாத்து’ என்று எழுதி எண்ணிக்கையை மட்டும் போடலாம். அந்த வரியைக் கூச்சமில்லாமல் நிரப்புபவர் பெரும்பாலும் குழுவிலேயே மூத்தவராக இருப்பார்.