நெம்புகோல் இல்லாத பயணம்

ஆக்டேவியா பட்லரின் 'கின்ட்ரெட்' நாவலை (1979) நூலகத்தில் எந்த அலமாரியில் வைப்பது? 1976இல் கலிஃபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண் டேனா, தன் இருபத்தாறாம் பிறந்தநாளன்று, அடிமைமுறை நிலவிய பத்தொன்பதாம் நூற்றாண்டு மேரிலாண்டுக்குள் இழுக்கப்படுகிறாள். காலப்பயணம் வந்துவிட்டாலே அறிவியல் புனைகதை என்று முத்திரை குத்தத் தோன்றும். பட்லர் அதை மறுத்தார். இதில் அறிவியல் எதுவும் இல்லை, இது ஒரு கொடிய மிகுபுனைவு என்றார்.

எச்.ஜி. வெல்ஸின் 'கால இயந்திரம்' (1895) நாயகன் நெம்புகோலை இயக்கிப் பயணம் போகிறான். போய் இறங்கியதும் நெம்புகோல்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறான். வேறு யாரும் தொட்டுவிடக் கூடாதல்லவா! டேனாவிடம் கழற்றி வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. ரூஃபஸ் என்ற வெள்ளைப் பண்ணையார் மகனின் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் அவள் போய் நின்றாக வேண்டும். தன் உயிர் போய்விடும் என்று அஞ்சினால்தான் வீடு திரும்ப முடியும். அவன் அவளுடைய மூதாதை. ஆலிஸ் என்ற கறுப்பினப் பெண்ணை அவன் வன்முறையால் தனதாக்கிக்கொண்டு பிள்ளை பெற்றால்தான் டேனாவின் வம்சமே உண்டு. ஆலிஸிடம் அவனுக்காகப் பேசும் வேலையும் டேனாவின் தலையில்தான் விழுகிறது.

இயந்திரம் இல்லாததைக் குறையாகப் படிப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். எசமானுக்குத் தேவை வந்தால் உடம்பு போய் நிற்க வேண்டும், நேரம் தன்னுடையதல்ல. அதுதானே அடிமைமுறை? பட்லர் ஓர் இயந்திரத்தைக் கொடுத்திருந்தால் டேனா அதை ஓட்டுபவளாகியிருப்பாள்.

ஆனால் 'மிகுபுனைவு' என்ற சொல்லோடும் எனக்குப் பிணக்கு உண்டு. சவுக்கடியும் ஏலமும் அடிமைகளாக இருந்தவர்களே எழுதிய தன்வரலாறுகளில் உள்ளவை. எசமானின் பாலியல் தொல்லைக்குத் தப்பி ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பாட்டி வீட்டுப் பரணில் ஒளிந்திருந்த ஹாரியட் ஜேக்கப்ஸ் தன் கதையை 1861இல் அச்சிட்டார். அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் 'கின்ட்ரெட்'டை வைத்துப் படித்தால், இதில் நடக்க முடியாதது அவள் போய் வரும் வழி மட்டுமே.

கடைசிப் பயணத்தில், தன்னைப் பலவந்தப்படுத்த வரும் ரூஃபஸைக் கத்தியால் குத்திவிட்டுத் திரும்புகிறாள். அவன் பற்றியிருந்த இடது கை மட்டும் வரவில்லை. வீட்டுச் சுவரோடு சுவராகிவிடுகிறது. அன்று ஜூலை 4, அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு விழா. மருத்துவமனையில் போலீஸ் அவள் கணவனைச் சந்தேகிக்கிறது. அவர்களுக்கு அவள் எந்த வகைக் கதையைச் சொல்ல முடியும்? விபத்து என்கிறாள்.