ராகம் என்பது ஸ்வரப் பட்டியலா?

வேங்கடமகி 17-ஆம் நூற்றாண்டில் வகுத்த 72 மேள (தாய் ராக) திட்டம், நிரல் எழுதுபவருக்கென்றே செய்து வைத்ததுபோல் இருக்கிறது. மேள எண்ணில் ஒன்றைக் கழியுங்கள். மீதி 36-க்குக் குறைவென்றால் சுத்த மத்தியமம். இல்லையென்றால் பிரதி மத்தியமம், அப்போது 36-ஐயும் கழிக்க வேண்டும். கிடைத்ததை ஆறால் வகுத்தால் ஈவு ரி-க ஜோடியையும் மீதி த-நி ஜோடியையும் சொல்லிவிடும். 29 சங்கராபரணம், 36 கூட்டினால் 65, கல்யாணி. ஒரே ஒரு சார்பு எழுதினால் எந்தச் செயலியிலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஆனால் விடையாக வரும் ஸ்வரத்தை எப்படிச் சேமிப்பது? மின்னணு இசைக் கருவிகளுக்காக 1983-இல் வந்த மிடி முறை, 0 முதல் 127 வரையான எண்களில் ஒன்றாகச் சேமிக்கிறது. சுருதியை ஒன்றாம் கட்டையிலிருந்து இரண்டாம் கட்டைக்கு ஏற்ற, எல்லா எண்ணோடும் 2 கூட்டினால் போதும். இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. சட்ஜம் 60 என்றால், கரகரப்பிரியாவில் 62 ரிஷபம். கனகாங்கியில் அதே 62 காந்தாரம். எண் மட்டும் மிஞ்சினால் ஸ்வரத்தின் பெயர் போய்விடும். எம்.ஐ.டி.யில் உருவான மியூசிக்21 நிரல் நூலகம் பெயரையும் எண்ணையும் தனித்தனியே வைத்திருப்பது சரியான முடிவு.

உண்மையான சிக்கல் அதற்கு அப்பால் இருக்கிறது. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகணம் ச ரி ம ப த ச; அவரோகணம் ச நி த ப ம க ரி ச. இரண்டும் 29-இன் ஜன்யங்கள். ராகத்தை இரண்டு பட்டியல்களாக வரையறுத்த மென்பொருள் இவை இரண்டும் ஒன்றே என்றுதான் சொல்லும். நல்ல ரசிகரோ முதல் பிடியிலேயே பிரித்துவிடுவார். ஆரபி அதிகம் அசைக்காமல் விறுவிறுப்பாகப் போகும். தேவகாந்தாரி நின்று, அசைந்து, இழைந்து வரும். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: சாதாரண காந்தாரம் என்று எழுதுகிறோம், பாடும்போது அது அந்த இடத்தில் நிற்பதே இல்லை. அந்த அசைவை அலங்காரமாகக் கருதிப் பிறகு ஒட்டவைப்பது, ராகத்தை விட்டுவிட்டு அதன் எலும்பை எடுத்துக்கொள்வதுதான்.

மியூசிக்21-இல் அசாவரி, மார்வா என்ற இரண்டு இந்துஸ்தானி ராகங்கள் இருக்கின்றன. ஏற்றமும் இறக்கமும் வேறுபடலாம் என்பதை அது மதித்திருக்கிறது. ஆனாலும் அவை அங்கே ஸ்கேல் என்ற வகைக்குள்தான் அடங்குகின்றன. அங்குதான் எனக்கு உடன்பாடில்லை.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. இந்த அசைவு, அதாவது கமகம், பாணிக்குப் பாணி மாறும். அதையெல்லாம் வரையறையில் திணித்தால் அது ஒரு பாடகரின் பதிவாகச் சுருங்கிவிடும், மற்றவருக்குப் பயன்படாது. அதனால்தான் அடுக்குகளைப் பிரித்து வைக்கச் சொல்கிறேன். ஸ்வரத்தின் பெயர் ஒன்று, அதன் ஸ்தானம் ஒன்று, அசைவும் பிரயோகங்களும் இன்னொன்று. முதல் இரண்டும் எல்லோருக்கும் பொது. மூன்றாவதைப் பதிவுகளிலிருந்து அளந்து, பாணிவாரியாக மாற்றிக்கொள்ள இடம்விட வேண்டும். பார்சிலோனாவில் 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம் கர்நாடக இசைப் பதிவுகளில் சுருதி நகரும் கோட்டையே ஆராய்ந்தது; இந்த அளவீடு நடக்கக்கூடியதுதான்.

கர்நாடக இசைக்குக் கருவி எழுதும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆரபியையும் தேவகாந்தாரியையும் உங்கள் நிரலின் முதல் சோதனையாக வையுங்கள்.