கோட்டையுள் ஒரு கோயில்

சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தைப் பற்றி எழுதுவோர், சூயசுக்குக் கிழக்கேயுள்ள அங்கிலிக்கன் ஆலயங்களுள் அதுவே மிகப் பழையது என்று கூறி அமைவர். 1680 இல் எலிகு யேலும், 1753 இல் றொபேட் கிளைவும் ஆங்கு மணம் புரிந்தமையையும் தவறாது குறிப்பர். இவை வழிகாட்டி நூலார்க்கு இனியவை; கட்டடத்தைப் பற்றி ஒன்றும் உரையா. பழைமை ஒன்றே பெருமையுமாகாது.

இங்கிலாந்தின் பழைய கோயிற்பற்று ஆலயங்கள் பெரும்பாலும் மர உத்திரங்களின் மேற் சரிந்த கூரை தாங்கி நிற்பன. ஓக்கு மரத் தச்சுவேலையே அவற்றின் அழகிற் பாதி. சென்னை ஆலயத்தின் கூரையிலோ மரம் என்பதே இல்லை. நடுக்கூடமும் இருமருங்குச் சிறகங்களும் மூன்று அரைவட்ட வளைகூரைகளாற் செங்கல்லும் சாந்துங் கொண்டு மூடப்பட்டுள்ளன. புறச்சுவர் நான்கடிக் கனமுடையது. கறையானுக்கு அஞ்சியதினும் பீரங்கிக் குண்டுக்கு அஞ்சியே இவ்வாறு கட்டினர் என்க. திட்டம் வகுத்தவர் பீரங்கிப் படையைச் சேர்ந்த எட்வேட் பவுல் என்பர். கூரையை அண்ணாந்து நோக்குவார்க்கு அது வியப்பளியாது. வாவிக்கரைக் கோட்டையின் தடித்த மதில்களைக் கண்டு பழகிய நமக்கு அச்சுவரின் பொருள் எளிதில் விளங்கும்.

ஆளுநர் ஸ்திரெயின்சம் மாஸ்ரர் தாம் 100 வராகன் ஈந்து, ஏனையோரிடமும் நன்கொடை திரட்டினார். 1678 மார்ச் 25 இல், மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாளில், வேலை தொடங்கியது. பெயர்க் காரணமும் அதுவே. 1680 ஒக்டோபர் 28 இல் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. அதே காலத்தில் இலண்டனில், 1666 ஆம் ஆண்டுத் தீயில் அழிந்த ஆலயங்களை ரென் என்னும் கலைஞர் புதுக்கிக்கொண்டிருந்தார். அவர் எழில் நாடினார். இவர்கள் உறுதி நாடினர். ஆயினும் அவ்வுறுதியிலேயே ஓர் எழில் பிறந்துவிட்டது. அணியின்றி, அளவொன்றாலே அமைதி தரும் அவ்வளைவுகளே இவ்வாலயத்தின் உயிர் என்பது என் துணிபு.

1758-59 இல் லாலி முற்றுகையிட்டபோது அக்கூரை நிலைத்து நின்றது. கோட்டைக்கு வெளியே இருந்த ஆங்கிலரின் இடுகாட்டுக் கல்லறைகள் பிரெஞ்சுப் படைக்கு மறைவிடமாயின. ஆதலின், முற்றுகை நீங்கியபின் அவற்றை அகற்றி, எழுத்துடைக் கற்களைக் கொணர்ந்து ஆலயத்தைச் சூழப் பதித்தனர். 1652 ஆம் ஆண்டு பொறித்த கல்லும் அவற்றுள் உண்டு. பெயர்கள் ஈங்கு, அப்பெயர்க்குரியாரோ ஆங்கு!

கோபுரம் 1701 இலும், அதன்மேற் கூம்பு 1710 இலும் எழுந்தன. இன்றுள்ள கூம்பு 1795 அளவிற் புதுக்கப்பட்டது. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அதுவே ஆங்கில ஆலயம் என்னும் தோற்றத்தைத் தருவது. ஆயின் கூம்பு வானை நாவுகின்றது. கூரை நிலத்தைப் பற்றி நிற்கின்றது. இரண்டும் ஓர் உள்ளத்தில் உதித்தவை அல்ல.