உயரத்தைச் செலவழிக்கும் கலை

அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில், ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலமுனையில், ஸான்டஸ்கி நகரத்தை ஒட்டி அமைந்திருக்கும் ஸீடர் பாயின்ட் என்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் போய், 2000-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து அங்கே ஓடிக்கொண்டிருக்கும் மில்லெனியம் ஃபோர்ஸ் என்னும் ரோலர் கோஸ்டரில் ஏறி இறங்கியவர்கள், அதன் 310 அடி உயரத்தையும், மணிக்கு 93 மைல் வேகத்தையும், தாங்கள் போட்ட கூச்சலையும் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்வதே வழக்கம். பயமும் ஒரு ரஸந்தான்; பயானகம் என்று பெயரிட்டு நம் ஆலங்காரிகர்கள் அதற்கு மரியாதையான இடமே கொடுத்திருக்கிறார்கள். ஆயினும் அது ஒன்றை மட்டும் அநுபவித்துவிட்டு, அற்புதம் முதலிய மற்றவற்றைத் தொடாமலே எழுந்து வந்துவிடுவது பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

வரிசையில் போய் நிற்பதற்கு முன்னால், வெளியிலே சற்று விலகி நின்று, நீலவர்ணம் பூசிய அந்த உருக்குப் பாதை முழுவதையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிரயாணியைத் தலைகீழாகக் கவிழ்க்கும் வளையம் ஒன்றுகூட அதில் இல்லை. வண்டியில் எஞ்சினும் கிடையாது. முதல் ஏற்றத்தின் உச்சிவரை ஒரு கம்பி வடம் அதை இழுத்துக்கொண்டுபோய் விடுகிறது. அதற்குப் பிறகு, தகப்பனார் வைத்துவிட்டுப்போன சொத்தைக் கொண்டே காலம் தள்ளும் பிள்ளையைப் போல, உச்சியில் கிடைத்த உயரத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகச் செலவழித்துத்தான், ஏறக்குறைய 6,600 அடி நீளமுள்ள பாதை முழுவதையும் அது கடந்தாக வேண்டும். எந்த மேட்டில் எவ்வளவு செலவாகிறது, எந்தப் பள்ளத்தில் அது வேகமாகத் திரும்பி வருகிறது என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு, இந்தப் பிரயாணத்தில் அர்த்தமில்லாத அடி ஒன்றுகூட இல்லை. தடையின்றி 300 அடி விழும் ஒரு கல், தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 95 மைல் வேகத்தை எய்தும். அதே அளவு இறங்கும் இந்த நீண்ட வண்டித்தொடரோ 93 மைலை எய்திவிடுகிறது. இதில் விரயம் எவ்வளவு சொற்பம் என்று யோசித்துப் பார்த்தால், கூச்சல் போடத் தோன்றாது. கை தட்டத்தான் தோன்றும்.

பழைய ரோலர் கோஸ்டர்களில் சங்கிலி கடகடவென்று சப்தமிட்டு, வரப்போகும் விபரீதத்தைப் பறைசாற்றிக்கொண்டே வண்டியை மேலேற்றும். இங்கே அந்த ஆர்ப்பாட்டம் இல்லை. நிலையத்தை விட்டுப் புறப்பட்டவுடனேயே 45 டிகிரி சரிவில் வடம் வண்டியை விறுவிறுவென்று மேலே இழுக்கிறது. பலர் கண்ணை இறுக மூடிக்கொள்வது இந்தச் சமயத்தில்தான். எதிர்க்கரை தெரியாத அந்த ஏரியை இவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கக் கிடைக்கும் சந்தர்ப்பமும் இதுதான். ஆகவே கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். உச்சியைக் கடந்ததும், செங்குத்துக்குப் பத்தே டிகிரி குறைவான சரிவில் வண்டி கீழே பாய்கிறது. அதைப்பற்றி நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஏறியவர்கள் எல்லோரும் வர்ணிப்பார்கள்.

என் மனத்தைக் கவர்வது அதற்கு அடுத்தபடியாக வரும் திருப்பம். பாதை 90 டிகிரியைத் தாண்டி, 122 டிகிரி வரை சாய்ந்துவிடுகிறது. இத்தனை வேகத்தில் திரும்பும்போது உடம்பைப் பக்கவாட்டில் தள்ளக்கூடிய விசையை, இப்படிச் சாய்ப்பதன் மூலம் இருக்கையின் பக்கமாகத் திருப்பிவிட முடிகிறது. அதனால்தான் பக்கத்திலிருப்பவர் மேல் நாம் போய் மோதுவதில்லை. இந்தப் பாதையின் கணிதத்துக்குப் பொறுப்பாளரான ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஷ்டெங்கல், 1976-இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட ரெவல்யூஷன் என்ற ரோலர் கோஸ்டரின் வளையத்தைச் சுத்த வட்டமாக அமைக்காமல், மேலே ஒடுங்கிய கண்ணீர்த்துளி வடிவில் அமைத்து, அடிவாரத்தில் பிரயாணியின் உடம்பை நசுக்கும் பாரத்தைக் குறைத்தவர். தண்டவாளத்தைச் சுற்றி மனிதன் சுழலாமல், மனிதனின் நெஞ்சைச் சுற்றித் தண்டவாளம் சுழலவேண்டும் என்பது அவர் கையாண்ட மற்றொரு தத்துவம். கீழே நின்று பார்த்தால் இரும்புக் குழாய்கள் முறுக்கிக்கொண்டு விலகுவதும் நெருங்குவதும், அவற்றின் மேல் போகிறவர்களின் மார்பு மட்டும் சீரான ஒரு கோட்டில் வழுக்கிக்கொண்டு செல்வதும் நன்றாகப் புலப்படும். வண்டியில் இருக்கும்போது இதைச் சோதித்தறியக் கழுத்து ஒன்றே போதும். தலை வெடுக்கென்று ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று கவனித்துக்கொண்டே வாருங்கள்.

பின்னால் வரும் 182 அடி மேட்டின் சிகரத்தில், மேலே ஏறிய வேகத்திலேயே உடம்பு போக எத்தனிக்க, வண்டியோ அதற்குள் கீழே வளைந்துவிடுவதால், நாம் இருக்கையை விட்டு லேசாக எழும்புகிறோம். கைப்பிடியை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு இந்தச் சுகம் கிட்டாது. மடியின்மேல் இறங்கியிருக்கும் தடைக்கம்பி தன் கடமையைச் செய்யும் என்று நம்பி, கைகளைத் தளர்த்திவிட வேண்டும். வண்டி மட்டும் மேலே கிளம்பிவிடாதோ என்று சந்தேகிப்பவர், குழாயின் மேலும் பக்கத்திலும் அடியிலுமாகச் சக்கரங்கள் அதைக் கவ்விக்கொண்டிருப்பதை நிலையத்திலேயே குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

மில்லெனியம் ஃபோர்ஸ் திறக்கப்பட்ட அதே 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானின் நாகஷிமாவில் 318 அடி உயரத்துடன் ஸ்டீல் டிராகன் 2000 திறக்கப்பட்டு, உயரத்துக்கான பட்டத்தை இதனிடமிருந்து பறித்துக்கொண்டுவிட்டது. பட்டங்களைப் பின்தொடர்கிறவர்கள் அவற்றின் பின்னாலேயே போகட்டும்.

எங்கே உட்காருவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்வரிசையில் பார்வையை மறைப்பவர் யாருமில்லை. அது காட்சிக்கு ஏற்ற இடம். கடைசி வண்டியிலோ, முன்பாதி சரிவில் இறங்கத் தொடங்கியபின், நாம் உச்சியை அடைவதற்குள்ளேயே வேகம் கூடிவிடுவதால், சிகரத்தின்மேல் நம்மை யாரோ பிடித்து இழுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கும். முதல் முறை முன்வரிசையிலும், மறுபடியும் நிற்கப் பொறுமையிருந்தால் இரண்டாம் முறை கடைசி வண்டியிலும் உட்காருங்கள். வரிசையை மாற்றிச் செய்தால், பின்னால் கிடைத்த அந்த இழுப்புக்குப் பிறகு முன்வரிசை கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்.